பக்ராம் சமவெளியில் செப்புக்காசு பொறுக்கிய மனிதன்

பக்ராம் என்ற பெயரைக் கேட்டதும் எங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்க விமானப்படைத் தளமும் அதற்குள் இருந்த தடுப்பு முகாமும்தான். அதற்கு முன்னர் சோவியத் படைகளும் அதே தளத்தில்தான் இருந்தன. காபூலுக்கு வடக்கே, கோர்பந்த் ஆறும் பஞ்ச்ஷீர் ஆறும் சேரும் இடத்துக்கு அருகில் இருக்கிறது அந்தச் சமவெளி. விமான ஓடுபாதையிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி ஒரு பழைய நகரத்தின் மண்மேடுகள் உண்டு. போர்ச் செய்திகளில் அவை வருவதில்லை. நான் அவற்றைப் பற்றி அறிந்தது ஒரு செப்புக்காசின் படத்தைப் பார்த்த பின்னர்தான்.

அந்தக் காசின் ஒரு பக்கத்தில் தலையில் பட்டி கட்டிய கிரேக்க அரசர் ஒருவரின் முகம். சுற்றிவர கிரேக்க எழுத்துகள். மறுபக்கத்தில் ஹெரக்கிளீஸ், கையில் பெருந்தடியும் சிங்கத்தோலுமாக நிற்கிறான். அவனைச் சுற்றியிருப்பது கிரேக்கம் அல்ல, வலமிருந்து இடமாக எழுதப்படும் கரோஷ்டி. முகத்துக்குரிய அரசர் ஹெர்மாயோஸ். ஆனால் காசை அடித்தவர் அவரல்ல. அவர் இறந்து நீண்ட காலத்தின் பின்னர் குஷாணர்களின் தலைவரான குஜுல கட்பீசஸ் அடித்த காசு அது. புதிய ஆட்சியாளரை விடச் செத்துப்போன அரசரின் முகத்தைத்தான் சந்தை நம்பியது. இந்த வகைக் காசுகள் பக்ராமில் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றைப் பொறுக்கி எண்ணி எழுதி வைத்தவரின் பெயர் சார்ள்ஸ் மேசன்.

எங்கள் ஊரில் மேசன் என்றால் சுவர் கட்டுபவர். இந்த மேசன் செய்தது மண்ணைப் பிரித்துப் பார்க்கும் வேலை. அந்தப் பெயரும் அவருடையதல்ல.

அவரது இயற்பெயர் ஜேம்ஸ் லூயிஸ். 1800ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். தந்தையுடன் முரண்பட்டு, 1821இல் கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். வங்காளப் பீரங்கிப் படையில் இருந்து 1825-26இல் பரத்பூர் கோட்டை முற்றுகையில் பங்குகொண்டார். அடுத்த ஆண்டு, 1827 ஜூலையில், ஆக்ரா முகாமை விட்டு இன்னொரு சிப்பாயுடன் தப்பியோடினார். ஏன் ஓடினார் என்பதை அவர் எந்த இடத்திலும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அகப்பட்டால் மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றம் அது. ஆகவே சிந்து நதிக்கு மேற்கே, கம்பனியின் கை எட்டாத நிலத்துக்குப் போனார். பெயரை சார்ள்ஸ் மேசன் என்று மாற்றினார். ஊர் எதுவென்று கேட்டவர்களிடம் அமெரிக்காவின் கென்டக்கி என்றார்.

அதன் பின்னர் ஐந்து வருடங்கள் நடைதான். பெஷாவர், காபூல், கஸ்னி, கந்தகார், லாகூர், கராச்சி, பாரசீக வளைகுடா என்று அலைந்தார். வழியில் கொள்ளையர்கள் உடுத்த உடுப்பையும் பறித்தார்கள். வழியில் கண்ட ஏழைகள் உணவு கொடுத்தார்கள். ஹரப்பாவின் செங்கல் மேடுகளைப் பார்த்து எழுதிய முதல் ஐரோப்பியர் அவர்தான். ஆனால் அது சிந்துவெளி நாகரிகம் என்பது அவருக்குத் தெரியாது. அலெக்சாந்தரின் போர் நடந்த இடங்களில் ஒன்று என்று எண்ணிக்கொண்டார். அவரது தலைக்குள் அலெக்சாந்தர்தான் நிறைந்திருந்தார். கிரேக்கர்கள் நடந்த பாதையையும் அவர்கள் எழுப்பிய நகரங்களையும் தேடுவது என்ற ஒரே எண்ணத்துடன் 1832இல் மீண்டும் காபூலுக்கு வந்து சேர்ந்தார்.

அலெக்சாந்தர் இந்துகுஷ் மலையடிவாரத்தில் தன் பெயரில் ஒரு நகரத்தை நிறுவியதாகப் பழைய கிரேக்க, உரோம நூல்கள் கூறுகின்றன. கௌகசஸ் அலெக்சாந்திரியா என்று அதற்குப் பெயர். அந்த இடம் எது என்பது தொலைந்து போயிருந்தது. 1833இல் மேசன் பக்ராம் சமவெளிக்குப் போனார். ஆரம்பத்தில் அங்கிருந்தவர்கள் எதுவும் தெரியாது என்றே சொன்னார்கள். அந்நியன் ஒருவன் வந்து காசைப் பற்றி விசாரித்தால் அடுத்தது கூலியில்லாமல் மண் தோண்டச் சொல்வான் என்ற பயம். பிறகு ஒருவர் தேய்ந்துபோன ஒரு காசைக் கொண்டுவந்தார். மேசன் இரண்டு பைசா கொடுத்தார். பணம் கொடுக்கிற ஆள் என்று தெரிந்ததும் மற்றவர்களின் பைகளும் திறந்தன.

அந்தச் சமவெளியில் இடையர்கள் ஆடு மேய்க்கும்போது காசு பொறுக்குவது வழக்கம். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் அகப்படும். அவை காபூலின் நாணயச் சாலைக்கும் செம்புக் கொல்லர்களுக்கும் நிறைக்கு விற்கப்பட்டு உலையில் உருகின. எத்தனை தலைமுறைகளாக அப்படி நடந்ததோ. செப்புக் குடமாகவும் சட்டியாகவும் போன அரசர்கள் எத்தனை பேர் என்பதை இனி யாரும் கணக்கிட முடியாது. மேசன் செய்தது உலைக்குப் போகும் வழியில் குறுக்கே நின்றதுதான்.

கிரேக்க நாணயம் சேர்ப்பது அக்காலத்து ஐரோப்பியப் பிரபுக்களின் பொழுதுபோக்கு. சிராகூஸின் வெள்ளிக் காசு, அலெக்சாந்தரின் வெள்ளிக் காசு என்று தேடுவார்கள். அலெக்சாந்தரின் வெள்ளியில் சிங்கத்தோலைத் தலையில் போர்த்திய ஹெரக்கிளீஸின் முகம் இருக்கும். மக்கெடோனிய அரச குடும்பம் தன்னை ஹெரக்கிளீஸின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டது. அவருக்குப் பின்னர் ஆப்கானிஸ்தான் பகுதியை ஆண்ட கிரேக்கர்களும் அதே வீரனை விடவில்லை. யூத்திடெமோஸின் காசில் களைத்துப்போய்ப் பாறையில் இருக்கிறான் ஹெரக்கிளீஸ். டெமெட்ரியோஸின் காசில் எழுந்து நின்று தனக்குத்தானே முடி சூடுகிறான். காசின் மறுபக்கத்தில் டெமெட்ரியோஸ் யானைத் தலைத்தோலை அணிந்திருக்கிறார். இந்தியாவை வென்றேன் என்பதற்கு அது அடையாளம். யூக்ரட்டிடீஸ் மட்டும் வேறு வழி போனார். அவரது காசில் குதிரையில் பாயும் இரட்டை வீரர்களான காஸ்டரும் பொலக்ஸும்.

அழகான காசை மட்டும் பிரபுக்கள் வைத்துக்கொள்வார்கள். தேய்ந்த செம்பு அவர்களுக்குக் குப்பை. மேசனிடம் பணம் இல்லாததால் அவரால் செம்பைத்தான் அதிகமாக வாங்க முடிந்தது. ஆனால் அவர் குப்பை என்று எதையும் கழிக்கவில்லை. எந்த அரசரின் காசு எத்தனை, எந்த வருடம், எந்த இடத்தில் என்று அட்டவணை போட்டார். ஒரு அரசரின் செப்புக் காசு ஓரிடத்தில் நூற்றுக்கணக்கில் கிடைத்தால் அங்கே அவரது ஆட்சி இருந்தது என்று பொருள். செம்பு அன்றாடச் சில்லறை, அது தூரம் போவதில்லை. தங்கமும் வெள்ளியும் வணிகரோடு எங்கேயும் போகும். இன்று நாணயவியல் மாணவர் எவரும் சொல்லக்கூடிய இந்த விடயத்தை, பள்ளிக்கூடத்து லத்தீனும் கிரேக்கமும் மட்டுமே தெரிந்த ஒரு தப்பியோடிய சிப்பாய் 1830களில் செய்துகொண்டிருந்தார். என்னைக் கேட்டால், தான் தங்கக் காசு தேடும் அளவுக்கு வசதி இல்லாதவராக இருந்ததுதான் அவரது அதிர்ஷ்டம். எங்களது அதிர்ஷ்டமும் அதுதான்.

பழைய நூல்களை மட்டும் நம்பினால் இந்தக் கிரேக்க அரசர்களில் ஏழெட்டுப் பேரின் பெயர்தான் எங்களுக்குத் தெரியும். இன்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தெரிகின்றன. அவர்களில் பெரும்பாலானோருக்குக் கல்வெட்டும் இல்லை, நூலும் இல்லை. காசு மட்டும்தான் சாட்சி. தோற்றவர்களின் வரலாற்றை எழுதி வைக்க ஆளில்லாமல் போவது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனாலும் நாற்பது அரசர்கள் கையடக்கமான உலோகத் துண்டுகளில் மட்டும் தப்பியிருக்கிறார்கள் என்பதை முதலில் வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

மேசன் கண்ட இன்னொரு விடயம் இலங்கை வரை வந்தது. காசின் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் அக்காலத்தில் யாராலும் படிக்க முடியாத கரோஷ்டி. இரண்டு பக்கமும் ஒரே செய்தியைத்தான் சொல்ல வேண்டும் என்று மேசன் ஊகித்தார். மெனாண்டர், அப்பொலொடோட்டோஸ், ஹெர்மாயோஸ் ஆகிய பெயர்களும், அரசன், காப்பவன் என்ற பட்டங்களும் மறுபக்கத்தில் எந்த எழுத்துகளாக வருகின்றன என்று குறித்து அனுப்பினார். அதைப் பெற்றுக்கொண்டவர் கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப். கரோஷ்டி திறக்கத் தொடங்கியது இப்படித்தான். பிராமி எழுத்துக்கும் ஒரு காசு உதவியது. அகத்தோகிளீஸ் என்ற அரசரின் காசில் கிரேக்கமும் பிராமியும் இருந்தன. அதை வைத்து 1836இல் கிறிஸ்டியன் லாசன் சில எழுத்துகளைப் படித்தார். 1837இல் பிரின்செப் பிராமியை முழுமையாகப் படித்துவிட்டார். கல்வெட்டுகளில் வந்த பியதசி என்ற அரசர் யார் என்பது மட்டும் புரியவில்லை. இலங்கையில் பிறந்து இங்கே சிவில் சேவையில் இருந்த ஜோர்ஜ் டேர்னர், அது அசோகர் என்பதைத் தீபவம்சத்திலிருந்து எடுத்துக் காட்டினார். 1980இல் ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரையின் பிராமி எழுத்துகளை வைத்து நாம் இன்றும் விவாதிக்க முடிகிறது என்றால், அந்த எழுத்தைப் படிக்க வைத்த சங்கிலியில் இந்தச் செப்புக் காசுகளும் ஒரு கண்ணி.

மகாவம்சத்திலும் ஒரு வரி உண்டு. துட்டகைமுனு அனுராதபுரத்தில் மகாதூபியைக் கட்டத் தொடங்கியபோது யோனர்களின் நகரமான அலசந்தாவிலிருந்து முப்பதாயிரம் பிக்குகள் வந்தார்களாம். யோனர் என்றால் கிரேக்கர். அலசந்தா என்பது காபூலுக்கு வடக்கேயிருந்த அந்த அலெக்சாந்திரியாதான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். முப்பதாயிரம் என்ற எண்ணிக்கையை நான் நம்பவில்லை. மகாவம்சத்தின் எண்ணிக்கைகளை நம்பி எங்களுக்கு என்ன நடந்தது என்பது வேறு கதை. ஆனால் எல்லாளனின் தோல்வியைப் பாடிய அதே நூலுக்குள் கிரேக்க பிக்கு ஒருவரின் பெயரும் தலைமைத் துறவியாக இருக்கிறது என்பதைத் தூய இன வரலாறு பேசுபவர்கள் வாசித்ததாகத் தெரியவில்லை.

காபூலைச் சுற்றியும் ஜலாலாபாத் பக்கமும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பௌத்த தூபிகளை மேசன் திறந்தார். பீமரான் என்ற இடத்துத் தூபியிலிருந்து, புத்தரின் உருவம் பொறித்த, கற்கள் பதித்த சிறு தங்கப் பேழை ஒன்றை எடுத்தார். இன்று அது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. இந்த வேலைக்கெல்லாம் பணம் கொடுத்தது பம்பாயிலிருந்த கம்பனி அரசாங்கம். கிடைத்தவை முழுவதும் அவர்களுக்கே என்பது ஏற்பாடு. தான் யாரிடமிருந்து தப்பி ஓடினாரோ அவர்களுக்கே காசு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு ஆள் யாரென்று தெரியாது.

அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. லூதியானாவிலிருந்த கம்பனியின் அரசியல் முகவர் கிளோட் வேட், கென்டக்கி அமெரிக்கர் உண்மையில் தப்பியோடிய ஜேம்ஸ் லூயிஸ் என்பதைக் கண்டுபிடித்தார். கைது செய்வதை விடப் பயன்படுத்துவது இலாபம் என்று அவருக்குப் பட்டது. 1835இல் மன்னிப்பு வாங்கிக் கொடுக்கப்பட்டது. அதற்கு விலை, காபூலிலிருந்து கம்பனிக்கு இரகசியத் தகவல் எழுதுவது. மறுக்கக்கூடிய நிலையில் அவர் இல்லை. நேற்று வரை தன்னை வீட்டில் வைத்துச் சோறு போட்டவர்களைப் பற்றி இன்று அறிக்கை எழுத வேண்டும். முகவராக இருந்த காலத்தை அவர் வெறுத்தார் என்பது அவரது எழுத்துகளில் தெரிகிறது. தூபி தோண்டும் வேலை தேய்ந்து நின்றது. ஆட்சியில் இருப்பவர்கள் ஒருவரின் பழைய தவறைக் கோப்பில் வைத்துக்கொண்டு தகவல் கேட்பது எப்படியிருக்கும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் அனுப்பிய ஆலோசனையையும் கம்பனி கேட்கவில்லை. காபூலின் அமீர் தோஸ்த் முகமட்டை நீக்கிவிட்டு ஷா ஷூஜாவைக் கொண்டுவரும் திட்டம் தயாரானது. மேசன் 1838இல் பதவியை விட்டார். 1839இல் படை உள்ளே போனது. 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய படையினரும் உடன் சென்றவர்களுமாக ஏறத்தாழ 16,000 பேரில் பெரும்பாலானோர் பனியிலும் தாக்குதலிலும் அழிந்தார்கள். பழிவாங்க வந்த அடுத்த படை காபூலின் பெரிய கடைத்தெருவைத் தகர்த்தது. பக்ராம் சமவெளியின் ஓரத்திலிருந்த சரிக்காரும் எரிந்தது.

இதற்கிடையில் மேசன் மீண்டும் தன் சமவெளிக்குப் போக முயன்றார். 1840இல் பலுசிஸ்தானின் கலாட் நகரத்தில் இருந்தபோது கிளர்ச்சி வெடித்தது. பிரித்தானியர்கள் முந்தைய வருடம்தான் அந்த நகரத்தைத் தாக்கி அதன் கானைக் கொன்றிருந்தார்கள். கிளர்ச்சியாளர்கள் மேசனையும் அங்கிருந்த லெப்டினன்ட் லவ்டே என்பவரையும் சிறைப்பிடித்தார்கள். பின்னர் பேச்சுவார்த்தைக்குத் தூதுவராக மேசனைக் குவெட்டாவுக்கு அனுப்பினார்கள். குவெட்டாவிலிருந்த பிரித்தானிய அதிகாரி அவரை வேவுகாரர் என்று சந்தேகித்துக் காவலில் வைத்தார். கிளர்ச்சியாளர்களுக்கு அவர் வெள்ளைக்காரன், வெள்ளைக்காரர்களுக்கு அவர் துரோகி. 1841 ஜனவரியில் விடுதலை செய்யப்பட்டபோது நட்டஈடு எதுவும் இல்லை. கலாட்டில் அவரது கையெழுத்துப் பிரதிகளும் பறிபோயிருந்தன.

1842இல் இலண்டன் திரும்பித் தன் பயணங்களைப் பல பாகங்களில் வெளியிட்டார். காபூலில் கொல்லப்பட்டு நாட்டின் வீரராகியிருந்த அலெக்சாந்தர் பேர்ன்ஸை அந்த நூலில் கடுமையாக விமர்சித்தார். அந்த நேரத்தில் அதைக் கேட்க யாரும் தயாராக இல்லை. அவரது காசுகளைப் பற்றிய பெரிய நூல் ஏற்கனவே 1841இல் வந்துவிட்டது. அட்டையில் இருந்தது பேராசிரியர் வில்சனின் பெயர். மேசன் சிறு ஓய்வூதியத்துடன் எட்மன்டனில் மனைவி பிள்ளைகளோடு வாழ்ந்து, காசுகளின் குறிப்புகளைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். 1853 நவம்பரில் இறந்தார். இரண்டு வருடத்தில் மனைவியும் இறந்தார். அவரது கடதாசிகளுக்காகப் பிள்ளைகளுக்குக் கம்பனி 100 பவுண் கொடுத்தது.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அந்த மண்ணின் காசுகள் இலண்டனுக்குப் போனதால்தான் தப்பின என்று பலர் எழுதுகிறார்கள். 1993இல் காபூல் நூதனசாலை ரொக்கட் தாக்குதலில் எரிந்தது. அதன் நாணயங்களில் பெரும்பகுதி களவுபோனது. 1946இல் குண்டூஸ் பகுதியில் கிடைத்த 600க்கும் மேற்பட்ட கிரேக்க அரசர் காசுகளும் அவற்றோடு போயின. அதே காலத்தில் மீர் ஸகா என்ற ஊரின் கிணற்றடியிலிருந்து எடுக்கப்பட்ட பல்லாயிரக்கணக்கான காசுகள் மூட்டை மூட்டையாகப் பெஷாவர் சந்தைக்கு வந்து உலகெங்கும் சிதறின. இன்று ஏலத்தில் விலைபோகும் ஹெரக்கிளீஸ் காசுகளில் எத்தனை அந்த வழியில் வந்தவை என்று வாங்குபவர்கள் கேட்பதில்லை. எங்கே கிடைத்தது என்று தெரியாத காசு பாதி ஊமை.

ஆனால் அதே காபூலில் நூதனசாலை ஊழியர்கள் 1980களின் இறுதியில் தில்லியா தேப்பேயின் தங்கத்தையும் வேறு பொருட்களையும் அரண்மனை வளாகத்து வங்கிப் பெட்டகத்தில் மறைத்து வைத்தார்கள். உள்நாட்டுப் போரும் தலிபானும் கடந்து 2003இல் பெட்டகம் திறக்கும் வரை அவர்கள் வாய் திறக்கவில்லை. காப்பாற்றுவது இலண்டனால் மட்டும் முடிகிற காரியமல்ல. இலண்டனும் மேசனின் காசுகளை நன்றாகப் பார்த்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. கம்பனியின் இந்திய நூதனசாலை 1879இல் கலைக்கப்பட்டது. நல்ல காசுகள் சில பிரித்தானிய நூதனசாலைக்குப் போயின, ஏராளமானவை 1887இல் ஏலம் விடப்பட்டன. மிச்சமிருந்த செம்பு பைகளில் கட்டப்பட்டு, இந்திய அலுவலகத்தின் நூலகத்தில் யாரும் தேடாமல் கிடந்தது.

1990களில் எலிசபெத் எரிங்டன் என்ற ஆய்வாளர் மேசனின் கடதாசிகளைக் காசுகளோடு ஒப்பிடும் வேலையைத் தொடங்கினார். பைகள் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் தேய்ந்த செம்பு வெளியே வந்தது. சிப்பாயின் பழைய அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். ஹெர்மாயோஸின் முகமும் பெருந்தடி ஏந்திய ஹெரக்கிளீஸும் அவற்றுக்குள் நிறையவே இருந்தன.